கொட்டாவி வராத தொடர்

சேர்ந்தகுளத்தில் செத்துப்போனவர்கள் மத்தியானம் இரண்டரை மணிக்கு டிவியில் வரத் தொடங்கிய அந்தத் திங்கட்கிழமை, ஆவுடையப்பன் கூடத்து மர நாற்காலியில், மடியில் நோட்டும் காதில் பேனாவுமாக உட்கார்ந்து, 'படியேறி வந்தவள்' என்ற புதுத் தொடரின் முதல் நாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் மூன்று கொட்டாவி விட்டாகிவிட்டது. நாலாவதுக்கு வாயைத் திறந்தபோது, மூன்று வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன அவருடைய மனைவி வடிவு, தலையில் கீரைக்கூடையோடு, கதாநாயகி வீட்டு வாசலை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமாகக் கடந்து போனாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. அந்தக் கொட்டாவி கடைசிவரை வரவே இல்லை.

கொட்டாவிதான் அவருடைய அளவுகோல். பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த காலத்திலேயே, திருநெல்வேலியிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில் 'நாற்காலி' என்ற பெயரில் புதுத் தொடர்களுக்கு விமர்சனம் எழுத ஆரம்பித்தவர், ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. ஒரு கொட்டாவி என்றால் பார்க்கலாம். மூன்று என்றால் காய் நறுக்கிக்கொண்டே பார்க்கலாம். ஐந்து என்றால் எடுத்தவர்களே பார்த்திருக்கமாட்டார்கள். பத்தொன்பது வருஷத்தில் கொட்டாவி வாங்காமல் ஒரு தொடர்கூட அவர் கையில் தப்பியதில்லை. முதல் ஐந்து நாளும் ஒரு நிமிஷம் விடாமல் பார்ப்பார், ஆறாம் நாள் எழுதுவார், பொய் மட்டும் எழுதமாட்டார். ஒரு நடிகை பாதியில் நின்றுவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தியைக் கொண்டுவந்து, 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் ஒரு வரி போட்டுவிட்டுக் கதையை ஓட்டுகிற வழக்கத்தைப் பற்றி அவர் ஒருமுறை எழுதியது ஊர் முழுக்கப் பிரசித்தம். முதல் நாள் கொதிப்பார்கள், இரண்டாம் நாள் முணுமுணுப்பார்கள், மூன்றாம் நாள் பழைய முகத்தையே மறந்துவிடுவார்கள், நம் ஜனங்களின் துக்கத்துக்கு ஆயுசு மூன்று நாள் என்று எழுதியிருந்தார். அதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தவர்களில் வடிவும் ஒருத்தி.

வடிவு உயிரோடு இருந்தபோது கீரை விற்றதில்லை, வாங்கத்தான் செய்தாள், கட்டு சிறுத்துவிட்டது, தண்டு முற்றிவிட்டது என்று தினம் வாசலில் நின்று கீரைக்காரியோடு மல்லுக்கட்டிவிட்டு, அந்தக் கட்டோடேயே உள்ளே வந்து, சரியாக டிவிக்கு முன்னால் நின்று, இடுப்பில் கை வைத்து, "மதியத்துக்கு என்ன வைக்க?" என்று கேட்பாள். "மறைக்காத, தள்ளு" என்பார் ஆவுடையப்பன். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் தான் அவளிடம் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான் என்று அவளைத் தாமிரபரணிக்கரையில் எரித்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. இப்போது அவள் எதையும் மறைக்கவில்லை, நாலு வினாடி நடந்து போகிறாள், அவ்வளவுதான். கட்டியிருந்த மஞ்சள் சேலை மட்டும் அவர் எடுத்துக்கொடுத்தது இல்லை. அதை யார் எடுத்துக்கொடுத்தார்கள் என்று அன்று சாயங்காலம் வரை அவருக்கு ஒரு மாதிரியாகவே இருந்தது.

ஐந்து மணிக்குக் கேபிள்காரர் சகாயம் வந்து வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி, மயினியப் பாத்தியளா? எங்க அப்பாவும் வந்தாவ. டீக்கடை பெஞ்சுல உக்காந்து பேப்பரத் தலைகீழாப் பிடிச்சிருந்தாவ."

"உங்க அப்பாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே?"

"அதனாலதான தலைகீழாப் பிடிச்சிருந்தாவ! சந்தேகமே இல்ல அண்ணாச்சி, எங்க அப்பாதான்."

ஏன் வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. போனவர்கள் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும், இருக்கிற இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா, ஏதாவது ஒரு வேலை பார்க்கத்தானே வேண்டும் என்று சொல்லிக்கொண்டார்கள். சொல்லிக்கொண்டதோடு அவரவர் காரியத்தைப் பார்க்கப் புறப்பட்டார்கள், அதாவது கடைத்தெருவை இரண்டு மணிக்கே அடைத்தார்கள், பள்ளிக்கூடத்தில் மத்தியான மணியை அரை மணி நேரம் தள்ளி அடித்தார்கள், மின்வாரிய ஆபீசுக்குப் போய் இரண்டிலிருந்து மூன்று வரை என்ன இடி விழுந்தாலும் கரண்டை நிறுத்தக்கூடாது என்று எழுதி வாங்கிவந்தார்கள். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைத்தவர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு வந்து டிவி மேஜைக்கு முன்னால் போட்டார்கள், காக்கைகள் இரண்டு வாரம் ஓட்டு மேலிருந்து கத்திப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டன. கம்பத்தில் ஏறிச் செத்த லைன்மேன் கல்யாண வீட்டுப் பந்தலில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவன் தாய் ஒரு வாரம் சாப்பிடவில்லை. பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் செத்துப்போன இரண்டு பங்காளிகள் ஒரே கோயில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் தெருவில் இறங்கிக் கட்டிப்பிடித்து அழுதார்கள், அடுத்த நாள் அந்தத் தூண் யார் பக்கத்தது என்று சண்டை போட்டார்கள். தையல்காரர் மீராசாவின் மனைவி செய்யதம்மாள், கடைவீதிக் காட்சியில் தன் வீட்டுக்காரர் மிஷின் மிதிப்பதை ஒரு மாதம் பார்த்துவிட்டு, "இங்க இருந்தப்போ வலது காலு இழுத்துக்கிட்டுக் கெடந்தாவ, அங்க ரெண்டு காலாலயும் மிதிக்காவ, அல்லா குணமாக்கிட்டான்" என்று எல்லோருக்கும் ஜவ்வரிசிப் பாயசம் கொடுத்தாள். பெரியாஸ்பத்திரியில் நாள் எண்ணிக்கொண்டிருந்த ஒரு கிழவர், டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு வசனம் உண்டுமா?" என்று கேட்டார்.

வசனம் யாருக்கும் இல்லை. வருவார்கள், நிற்பார்கள், போவார்கள். வசனமெல்லாம் கதாநாயகிக்கும் அவள் மாமியாருக்கும்தான். கதையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மருமகள் வலது காலை எடுத்து வைத்துப் படியேற வருகிறாள், மாமியார் அதைப் பார்க்கிறாள், இடி இடிக்கிறது, மாமனார் பார்க்கிறார், இடி இடிக்கிறது, சமையல்காரன்கூடப் பார்க்கிறான், அவனுக்கும் ஒரு இடி. மூன்றாம் நாள் முடிவில் அவள் இரண்டாம் படியில் நின்றுகொண்டிருந்தாள். இவ்வளவு மோசமான தொடரைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று ஆவுடையப்பனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஐந்து நாள் முடிந்து ஆறாம் நாள் வந்தபோது அவர் எழுதவில்லை. பத்திரிகை ஆசிரியர் போன் செய்து கேட்டதற்கு, "இன்னும் ஒரு வாரம் பாத்துட்டு எழுதுதேன்" என்றார். அப்படியே ஏழு வாரம் சொன்னார்.

அந்த ஏழு வாரத்தில் நாற்காலியை டிவியை நோக்கி ஒவ்வொரு சாணாக நகர்த்திக்கொண்டே போய், கடைசியில் முட்டி மேஜையில் இடிக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். திங்கட்கிழமை வடிவு புறங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். செவ்வாய்க்கிழமை ஒரு நாயைப் பார்த்து ஒதுங்கினாள், உயிரோடு இருந்தபோதும் நாய் என்றால் அவளுக்குப் பயம்தான். ஒரு வியாழக்கிழமை கதாநாயகியின் தோள் குறுக்கே வந்து அவளைப் பாதி மறைத்தது. "மறைக்காத, தள்ளு" என்று ஆவுடையப்பன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் குழந்தை தூக்கத்திலிருந்து விழித்து அழுதது. நாலு வினாடிக்காக ஒரு நாள் முழுக்கக் காத்திருப்பதே அவருக்குப் பிழைப்பாகிவிட்டது, அந்தப் பிழைப்பில் அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார், மூன்று வருஷத்தில் முதல்முறையாகச் சொந்தமாக ரசம் வைத்துச் சாப்பிட்டார்.

எட்டாம் வாரம் சகாயம் வந்தபோது, கூடவே செய்யதம்மாளும் லைன்மேனின் தாயும் இன்னும் இருபது பேரும் வந்தார்கள்.

"நிப்பாட்டப் போறாவளாம் அண்ணாச்சி. மெட்ராஸ்ல இருந்து சேதி. நம்ம ஊரத் தவிர இந்தக் கருமத்த ஒரு பய பாக்கலியாம். டிஆர்பி சுத்தமா இல்லயாம். இந்த மாசத்தோட முடிச்சிருவாவளாம்."

செய்யதம்மாள்தான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பேசினாள்.

"நீங்க ஒரு வார்த்த நல்லா எழுதுங்க அண்ணாச்சி. நீங்க நல்லாருக்குன்னு எழுதினதே கிடையாது. எழுதினா எல்லாரும் திரும்பிப் பாப்பாவ."

"பொய் எழுதச் சொல்லுதியளா?"

"ஏற்கெனவே ஒரு தடவ அவியள அடக்கிட்டு வந்தாச்சு. இன்னொரு தடவ என்னால முடியாது அண்ணாச்சி."

அவர்கள் போன பிறகு ஆவுடையப்பன் நோட்டைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே நேர்மை அந்த நோட்டில்தான் இருந்தது. வாழ்க்கையில் வேறெங்கும் அவர் அப்படியொன்றும் யோக்கியமாக இருந்ததாகச் சொல்லமுடியாது. கதாநாயகியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுதப் பார்த்தார், பேனா நகரவில்லை. கதையைப் பற்றி எழுதப் பார்த்தார், கொட்டாவி வந்தது. கடைசியில் பொய்யே எழுதாமல் தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தார், அந்த வழிதான் அவரைக் கெடுத்தது. இப்படி எழுதினார்: "இந்தத் தொடரில் தினமும் ஒரு கீரைக்காரி தெருவைக் கடந்து போகிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் வரும்வரை கண்ணை மூட முடியவில்லை, அவள் போன பிறகு வேறெதையும் பார்க்க முடியவில்லை. இந்தப் பெண்ணை இயக்குநர் ஒரு நிமிஷம் நிற்க வைக்கக் கூடாதா? அவள் என்ன சொல்ல நினைக்கிறாள் என்று தெரியாமல் ஒருவன் இங்கே தவித்துக்கொண்டிருக்கிறான். அவள் வரும்போது கொட்டாவி: இல்லை."

கொட்டாவி இல்லை என்ற அந்த ஒரு வரி தீயாகப் பரவியது. நாற்காலியே கொட்டாவி விடவில்லையாமே என்று திருநெல்வேலியில் பார்த்தார்கள், மதுரையில் பார்த்தார்கள், மெட்ராஸ் பத்திரிகைகள் அந்தத் தொடரில் யாருக்கும் புரியாத ஆழங்களைக் கண்டுபிடித்து எழுதின, இரண்டாம் படியில் மூன்று வாரம் நிற்பது பெண்ணின் வாழ்க்கையையே சொல்லுகிறது என்று ஒரு பேராசிரியர் எழுதினார், 'கொட்டாவி வராத ஒரே தொடர்' என்று சேனலே விளம்பரம் போட்டது. ஒரு மாதத்தில் தொடர் முதல் இடத்துக்கு வந்து, மத்தியானத்திலிருந்து சாயங்காலம் ஏழரைக்கு மாறப்போகிறது என்ற செய்தி வந்தது.

சேர்ந்தகுளத்தில் அன்று வேட்டு வெடித்தார்கள். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடித்தபோது கொடுத்த அதே போட்டோக்களைத் தேடியெடுத்துக் கொடுத்து, வெற்றிவிழா ஃபிளெக்ஸ் அடித்து, பஸ் ஸ்டாண்டு முகப்பில் கட்டினார்கள். வடிவின் படம் மூன்றாவது வரிசையில் இருந்தது. ஆவுடையப்பன் பஸ்ஸுக்கு நிற்பவர்போல அரை மணி நேரம் அதற்குக் கீழே நின்றுவிட்டு வந்தார்.

மத்தியானத்தில் வந்த கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வடிவு வந்தாள். கடந்து போகவில்லை. நின்றாள். தலையிலிருந்து கூடையை இறக்கித் தரையில் வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, இடுப்பில் கை வைத்து, கதாநாயகி வீட்டைப் பார்க்காமல் நேராக இந்தப் பக்கம், இந்த நாற்காலியைப் பார்த்தாள். அவள் உதடு பிரிந்தது. 'தொடரும்' என்று வந்தது.

சனியும் ஞாயிறும் தொடர் கிடையாது. அந்த இரண்டு நாளும் ஆவுடையப்பன் தூங்கவில்லை. அவளுக்கு என்ன கேட்கத் தெரியும், மதியத்துக்கு என்ன வைக்க என்றுதான் கேட்பாள், அதற்கு என்ன சொல்ல? முருங்கைக்கீரை பொரியல் என்று சொல்லலாமா, சும்மா எதையாவது வை, நீ வைத்தது எல்லாமே நன்றாகத்தான் இருந்தது, நான்தான் டிவியைப் பார்த்துக்கொண்டே தின்றேன் என்று சொல்லலாமா? திங்கட்கிழமை முகம் மழித்து, பெட்டியிலிருந்து சலவை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு, ஆறு மணிக்கே டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். தெருவில் ஒரு நடமாட்டம் இல்லை. ஊரே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏழரைக்குப் புதுப் பாட்டோடு தொடர் ஆரம்பித்தது. கூடை தரையில் இருந்தது. மஞ்சள் சேலை தெரிந்தது. திரையின் கீழே ஒரு வரி வந்தது: 'கீரைக்காரியாக, இவருக்குப் பதில் இனி இவர்.' கன்னத்தில் குழி விழுகிற ஒரு பெண், இடுப்பில் கை வைத்து, மெட்ராஸ் டிவிக்காரர்கள் பேசும் தமிழில், "அம்மா, கீரை வேணுமாம்மா?" என்று கேட்டாள்.

கதைக்கு உள்ளே வந்துவிட்ட ஆளை, எல்லோரும் பார்க்கிற நேரத்துக்கு வந்துவிட்ட தொடரில், பேர் தெரியாத முகத்திடம் விடமாட்டார்கள் என்பது பத்தொன்பது வருஷம் இதே வேலை பார்த்த ஆவுடையப்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிற்க வைக்கச் சொன்னதே அவர்தான். கடந்து போகிறவளாகவே விட்டிருந்தால் இன்னும் எத்தனையோ வருஷம் கடந்து போயிருப்பாள்.

மாறியது அவள் மட்டும் இல்லை. அன்று இரவு வீட்டுக்கு வீடு எழுந்த ஒப்பாரி சேர்ந்தகுளம் ஒரே நாளில் இருபது சாவு கண்டதுபோல இருந்தது. பந்தலில் பல்பு கட்டியவன் வேறொரு பையன். மிஷின் மிதித்தவர் வேறொருவர். சகாயம் இருட்டில் தட்டுத்தடுமாறி வந்து வாசலில் நின்றார்.

"எங்க அப்பா பேப்பர நேராப் பிடிச்சிருக்காவ, அண்ணாச்சி" என்றார்.

இரண்டாம் நாள் கடைத்தெருவில் முணுமுணுத்தார்கள். சேனலுக்குக் கடிதம் போடுவோம், கலெக்டரிடம் போவோம் என்றார்கள், ஏழரை ஆனதும் உள்ளே போனார்கள். மூன்றாம் நாள் செய்யதம்மாளைக் கடையில் பார்த்தபோது அவள் வெங்காயம் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "கொஞ்சம் உசரம் கூடுதலா இருக்காவ. ஆனா துணியப் பிடிக்க பக்குவம் எங்க வீட்டு அவியளேதான் அண்ணாச்சி." ஆவுடையப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கேலி செய்யவில்லை. அன்று சாயங்காலம் சகாயமும் சொன்னார்: "யோசிச்சுப் பாத்தேன். போன இடத்துல எங்க அப்பா படிக்கக் கத்துக்கிட்டாவ போல. நல்லதுதான?"

ஆவுடையப்பன் மட்டும் விடவில்லை. 'ஐந்து கொட்டாவி' என்று தலைப்புப் போட்டு, பழைய கீரைக்காரியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சி, மூன்று பக்கம் எழுதி அனுப்பினார். அச்சில் வந்தது. அதற்கு வந்த ஒரே வாசகர் கடிதம் சேர்ந்தகுளத்திலிருந்து வந்தது, நாற்காலி ஐயாவுக்கு வயதாகிவிட்டது, புதியவர்களை ரசிக்கத் தெரியவில்லை என்று எழுதியிருந்தது. தொடர் முதல் இடத்திலேயே இருந்தது. புதிய கீரைக்காரிக்குத் தனிக் கதை கொடுத்தார்கள், ஒரு குடிகாரக் கணவன் கொடுத்தார்கள், அவள் அழும்போது இடி இடித்தது. வடிவு எந்த மூலையிலாவது, எந்தக் கும்பலிலாவது தெரிவாளா என்று அவர் முட்டி இடிக்க உட்கார்ந்து தினமும் தேடினார். தேடினால் அந்தக் கன்னக்குழிக்காரியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவள்தான் எல்லாக் காட்சியிலும் முன்னால் நின்றாள். ஒரு நாள் அவள் நாயைப் பார்த்து ஒதுங்கினாள். ஆவுடையப்பன் தன்னை அறியாமல், "பாத்து" என்றார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது, வடிவு இடுப்பில் கை வைத்து டிவிக்கு முன்னால் நிற்பதை நினைத்துப் பார்த்தார். சேலை வந்தது, வளையல் வந்தது, கையில் கீரைக்கட்டுகூட வந்தது. முகத்துக்கு வந்தபோது கன்னத்தில் குழி விழுந்தது. சோற்றுக் கையோடு எழுந்துபோய்ச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த போட்டோவுக்கு முன்னால் நின்றார். மாலையை ஒதுக்கிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பத்தொன்பது வருஷப் பழக்கம் அவரைக் கேட்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது: வடிவாக நடிக்க இந்த அம்மாள் அவ்வளவாகப் பொருந்தவில்லை. சொன்னது காதில் விழுந்ததும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, எச்சில் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஊர் மறந்த மூன்றாம் நாளைத் தாண்டி, அவருக்கு அது ஆறாவது வாரம்.